முதல் வாசகி

பயம் வருவது நின்றுபோனதுதான் வினோதினியின் பிரச்சினை.

புதிதாக வரும் பேய்க்கதைகளையும் திகில் நாவல்களையும் படித்து, எதை வாங்கலாம், எதைத் தொடவே வேண்டாம் என்று சொல்வது அவள் தொழில். கோயம்புத்தூர் சாயிபாபா காலனியில், வீட்டு மாடியறையில் உட்கார்ந்து ‘நடுக்கம்’ என்ற ஒலிநிகழ்ச்சியை வாரந்தோறும் நடத்திவந்தாள். உள்ளூரில் தொடங்கிய நிகழ்ச்சியைச் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் கேட்டார்கள். பயந்திருந்தால் பயந்தேன் என்பாள், இல்லையென்றால் அதையும் சொல்லிவிடுவாள். நல்ல நாவல் ஒன்றைப் பற்றிப் பேசும்போது அவள் மூச்சு லேசாகத் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் வந்தால் உடனே புத்தகத்தை வாங்கிவிடுவோம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள்.

நாற்பத்தாறு வயதில் அது போய்விட்டது. எந்தக் கதையை எடுத்தாலும் மூன்றாம் அத்தியாயத்திலேயே கொலைகாரன் யாரென்று தெரிந்தது. பரணில் சத்தம் கேட்டால் அங்கே எதுவும் இருக்காது, கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும் என்று தெரிந்தது.

“அக்கா, இந்த வாரமும் ‘பரவாயில்லை’ன்னுதான் முடிச்சிருக்கீங்க,” என்றாள் யாஸ்மின். நிகழ்ச்சியின் ஒலித்தொகுப்பு அவள் பொறுப்பு. வினோதினியின் இருமலையும் தயக்கத்தையும் வெட்டி ஒட்டிச் சரிசெய்வதிலேயே ஏழெட்டு வருடம் போயிருந்தது அவளுக்கு. “கேக்கறவங்க குறைஞ்சுட்டே வர்றாங்க.”

“புக்கு மேல தப்பில்ல யாஸ்மின். இப்ப வர்ற பசங்க நல்லாத்தான் எழுதறாங்க. எனக்குத்தான் ஏற மாட்டேங்குது. படிக்கறப்பவே, முன்னாடி படிச்ச ஏதோ ஒண்ணு வந்து குறுக்க உக்காந்துக்குது.”

அந்த வருடம்தான் அவிநாசி சாலையில் ‘புதுப்பக்கம்’ என்ற மருத்துவமனை திறந்திருந்தது. விபத்தில் பிழைத்தவர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட சிகிச்சை அது. லாரி மோதிய நொடி, தீப்பிடித்த வீடு என்று ஒரேயொரு நினைவை மட்டும் கரைத்துவிடலாம். பிறகு யாருக்கோ தோன்றியது, கெட்டதை மறக்க முடியுமென்றால் நல்லதையும் மறக்கலாமே! பிடித்த படத்தை மறந்துவிட்டு மறுபடி முதல்முறையாகப் பார்க்க வந்தார்கள். முடிவு தெரிந்த கிரிக்கெட் ஆட்டத்தை மறக்க வந்தார்கள். வினோதினி புத்தகங்களை மறக்கப் போனாள்.

டாக்டர் ஸ்டெல்லா பொறுமையாக விளக்கினார்.

“ஒரு ஞாபகம் சும்மா கிடக்கும்போது செங்கல் மாதிரிம்மா. அதை ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா நீங்க அதை எடுத்து வாய்விட்டுச் சொல்றப்போ, கொஞ்ச நேரத்துக்குப் பச்சைக் களிமண்ணா இளகிடும். திரும்ப இறுகறதுக்குள்ள மருந்து உள்ளே போயிருந்தா, அது இறுகாமலே கரைஞ்சு போயிடும்.”

“அப்ப முழுக் கதையையும் சொல்லணுங்களா?”

“முதல்லேர்ந்து கடைசி வரைக்கும். எங்கே பயந்தீங்க, எங்கே மூச்சு முட்டிச்சு, எல்லாத்தையும். எவ்வளவு நல்லா சொல்றீங்களோ, அவ்வளவு சுத்தமா போகும்.”

“கூடவே வேற எதாச்சும் போயிடுமா?”

“அந்தப் புத்தகத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கறது கொஞ்சம் போகும். எந்த ரயில்ல உட்கார்ந்து படிச்சீங்க, யார் கொடுத்தாங்க, அந்த மாதிரி. அதெல்லாம் பெரிய விஷயமா?”

வினோதினிக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமைதோறும் போனாள். பாதி சாய்ந்த நாற்காலி, கையில் ஊசி, எதிரே ஒரு சிவப்பு விளக்கு. கண்ணை மூடிக்கொண்டு கதை சொல்வாள். கதை சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வெளியே வரும்போது தொண்டை கட்டியிருக்கும். எதைச் சொன்னோம் என்று தெரியாது. மோசமான புத்தகங்களை அவள் தொடவில்லை, அவை தாமாகவே மறந்துவிடும். புதியவற்றை வெளிறச் செய்தவை நல்ல புத்தகங்கள்தான். ஆகவே அவளை மிகவும் நடுங்கவைத்தவற்றையே தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். எவற்றைக் கொடுத்தாள் என்று குறித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்றார் டாக்டர். பார்த்தால் ஆர்வம் வரும், கரைந்த இடத்தை மனம் நோண்டத் தொடங்கிவிடும். அவை தொடர்பான மின்னஞ்சல்களையும் அழித்துவிடச் சொன்னார். யாஸ்மின் எதையும் திறந்து படிக்காமல் மொத்தமாக அழித்தாள்.

பயம் திரும்பி வந்தது. ஒரு மத்தியானம் புத்தகமும் கையுமாக இருந்தபோது சமையலறையில் குக்கர் விசிலடிக்க, வினோதினி வீறிட்டுக் கத்தினாள். கத்திவிட்டு, சந்தோஷத்தில் சிரித்தாள். அந்த வார நிகழ்ச்சியில் அவள் மூச்சு தடுமாறியது. விட்டுப்போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ‘தொங்கும் அறை’ வெளியானது. சென்னையின் பெரிய கதை நிறுவனம் ஒன்று வெளியிட்டிருந்தது. எழுதியவர் பெயர் துருவா. படமோ ஊரோ போடவில்லை.

லிஃப்ட் கம்பெனி ஒன்றின் உதவி மையத்தில் ஃபோன் எடுக்கும் ஒருவனின் கதை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருக்கும் பொத்தானை அழுத்தினால் அழைப்பு அவனுக்கு வரும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் வேலை. ஒருநாள் ஒரு பெண் அழைக்கிறாள். மாட்டிக்கொண்டேன், ஆள் வர்றாங்களா என்று கேட்கிறாள். அவன் விலாசத்தைத் தேடிப் பார்க்கிறான். அந்தக் கட்டடத்தை இடித்துத் தரைமட்டமாக்கிப் பல வருடங்கள் ஆகின்றன. மறுநாளும் அழைக்கிறாள். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு முறையும் அவளுக்கு அதுதான் முதல் அழைப்பு.

வினோதினி ஒரே மூச்சில் படித்தாள். யாரோ தன் காதருகே உட்கார்ந்து தனக்கென்றே சொல்வதுபோல் இருந்தது. முடிவு மட்டும் கொஞ்சம் சறுக்கல், அந்த மனிதன் இடிபாட்டைத் தோண்டி லிஃப்ட் கதவைத் திறக்க, உள்ளேயிருந்து ஒரு கை நீள்கிறது. போகட்டும்.

“இதுபோல ஒன்றை நான் வாழ்நாளில் படித்ததே இல்லை,” என்று நிகழ்ச்சியில் சொன்னாள். “இன்றைக்கே வாங்குங்கள்.”

வாங்கினார்கள். மாதம் முடிவதற்குள் அச்சுப் பிரதிகள் தீர்ந்துபோயின.

ஒரு நாள் காலை பதினோரு மணிவாக்கில் வாசலில் ஒருவர் நின்றார். நாற்பதைத் தாண்டிய மனிதர், கையில் ஹெல்மெட். அவளைப் பார்த்ததும் நெடுநாள் பழகியவரைப்போலச் சிரிக்க முயன்றார், வரவில்லை.

“வணக்கங்க மேடம். நாச்சிமுத்துங்க.”

பெயரைச் சொன்னால் போதும் என்ற தோரணையில் நின்றார்.

“சொல்லுங்க, என்ன விஷயம்?”

“நாச்சிமுத்துங்க மேடம்.” குரல் இறங்கியது. “லைன்ல இருங்க.”

“எந்த லைன்லங்க?”

அவர் அவளையே பார்த்தார். பிறகு மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். “அது என்ற நாவலுங்க, நான் எழுதினது. ‘லைன்ல இருங்க’. லிஃப்டுல மாட்டிக்கிட்ட அந்தம்மா கதை. மூணு வருசத்துக்கு முன்னால உங்களுக்கு அனுப்பினனுங்க. நீங்கதானுங்க பதில் போட்டீங்க.”

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். லிஃப்ட் கம்பெனியின் உதவி மையத்தில் வேலை செய்வது அவர்தான். மாட்டிக்கொண்டவர்களோடு பேசிப் பேசி மனதில் சேர்ந்ததை எழுதியிருக்கிறார். எழுதியதைக் காட்ட ஆளில்லை. மனைவிக்குப் பேய் என்ற சொல்லே ஆகாது. ‘நடுக்கம்’ நிகழ்ச்சிக்கு அனுப்பியிருக்கிறார்.

“உலகத்துல நீங்க ஒருத்தர்தானுங்க அதப் படிச்சது. ரெண்டு நாளா சரியா சோறு இறங்கலைன்னு எழுதியிருந்தீங்க. பின்பாதிய மட்டும் திருத்துங்க, பதிப்பகத்துல நானே பேசறேன்னீங்க. அத நம்பித்தானுங்க இத்தன நாளா உக்காந்து திருத்திட்டிருந்தேன். போன வாரம் உங்க புரோகிராமக் கேட்டனுங்க. கதையச் சொல்லிட்டு, வேற ஆரு பேரையோ சொல்றீங்க.”

வினோதினி அவருக்கு நேரெதிரே உட்கார்ந்தாள். சிகிச்சையைப் பற்றிச் சொன்னாள். அவருக்குப் புரிய வெகுநேரம் ஆனது.

“அப்ப, என்ற கதையப் போய் மறந்துட்டு வந்துட்டீங்களா?”

“நல்லா இருந்திருக்கணுங்க. ரொம்ப நல்லா இருந்ததை மட்டுந்தான் குடுத்தேன்.”

அதற்குச் சந்தோஷப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்து அதன் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

“உங்ககிட்ட ஃபைல் இருக்குமே,” என்றாள், அதுவரை கணினி முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த யாஸ்மின். “தேதியோட.”

“சென்னைல எழுத்துரிமைக் குழு ஆபீசுல கேட்டுட்டனுங்க அம்மணி. கம்ப்யூட்டர்ல இருக்கற தேதிய அவங்க நம்பறதில்லையாமா. மெஷின்ல சொன்னா ஒரு நிமிசத்துல பழைய தேதி போட்டு, அடிச்சுத் திருத்தினது, எழுத்துப்பிழை எல்லாம் வச்சு எத்தன பிரதி வேணும்னாலும் குடுத்துருதுங்களாமா. மெயிலும் அப்படித்தான். அதனால, முன்னாடியே படிச்ச மனுசரு ஒருத்தரு நேர்ல வந்து, படிச்சேன், ஞாபகமிருக்குதுன்னு சொல்லோணுமாம். அது ஒண்ணைத்தான் ஏத்துக்குவாங்க.”

நாச்சிமுத்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகும்போது நாவலின் பிரதி ஒன்றை வைத்துவிட்டுப் போனார்.

அன்று பகலெல்லாம் வினோதினி அதைப் படித்தாள். அதே பெண், அதே ஃபோன், அதே இடிந்த கட்டடம். ஆனால் இது இன்னும் நிதானமாக இருந்தது. பயமுறுத்த வேண்டுமென்ற அவசரமே இல்லாமல் எழுதியிருந்தார். மூன்று வருடத்துக்கு முன்பும் தான் இதே வரிகளில் இப்படி நின்றிருக்க வேண்டும் என்று நினைத்தாள். எந்த நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள், வெளியே மழையா வெயிலா, எதுவும் வரவில்லை. நினைத்துப் பார்க்கிற இடத்தில் பூசிய சுவர் மாதிரி வழவழவென்று இருந்தது.

யாஸ்மின் அதையும் ‘தொங்கும் அறை’யையும் வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு நாள் கழித்து வந்தபோது அவள் முகம் சரியில்லை.

“அக்கா, கதை அவரோடது. அதுல சந்தேகமில்ல. ஆனா ‘தொங்கும் அறை’ல இருக்கற பேச்சு உங்களோடது.”

“என்ன சொல்ற?”

“முதுகுல ஈரத்துணி ஒட்டின மாதிரின்னு நீங்கதானே எப்பவும் சொல்வீங்க? அது இதுல எத்தன இடத்துல வருது பாருங்க. அவர் எழுதினதுல ஒரு இடத்துலகூட இல்ல. முக்கியமான இடம் வந்தா ‘இருங்க, இன்னும் முடியல’ன்னு நிறுத்துவீங்க. இதுல அத்தியாயம் அப்படித்தான் முடியுது. அவரு கதைல அந்தப் பொம்பளை குக்கருக்கு கேஸ்கட் வாங்கப் போயிருப்பா. இதுல குக்கரே வாங்கப் போறா. நீங்க எதையும் அப்படித்தானே பெரிசாக்கிச் சொல்வீங்க? நான் ஏழெட்டு வருசமா உங்க குரலை வெட்டிட்டிருக்கேன்கா. எனக்குத் தெரியாதா?”

காதருகே யாரோ உட்கார்ந்து தனக்கென்றே சொல்வதுபோல் இருந்ததே, அது தன் குரல்தான் என்று வினோதினிக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்காலிக்கு எதிரே இருந்த சிவப்பு விளக்கும் நினைவுக்கு வந்தது.

டாக்டர் ஸ்டெல்லா மறுக்கவில்லை. மறைத்ததாகக்கூட அவர் நினைக்கவில்லை.

“எல்லா அமர்வையும் பதிவு பண்றோம். சிகிச்சைக்கு அது தேவை. பெயரை எடுத்துட்டு ஆய்வுக்குக் கொடுக்கலாம்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“கதைக் கம்பெனிக்கு ஆய்வா?”

“அவங்களுக்கு ஒரு மெஷின் இருக்கு. துருவாங்கறது அதோட பேர்தான். புத்தகங்களை மட்டும் படிச்சுப் படிச்சு அது எழுதறது சப்புன்னு இருந்ததாம். படிச்ச மனுஷங்க மனசுல எது தங்குதுன்னு அதுக்குத் தெரியலை. உங்களை மாதிரி ஆயிரம் பேர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் அது பயமுறுத்தக் கத்துக்கிச்சு. யாரும் யாரோட கதையையும் திருடணும்னு உட்காரலைம்மா. அச்சுல வந்த புத்தகமா இருந்தா, இது ஏற்கெனவே இருக்குன்னு மெஷினே ஒதுக்கியிருக்கும். இது அச்சுல வராத கதை. அதனால உங்க மனசுலேர்ந்தே வந்ததுன்னு எடுத்துக்கிச்சு.”

“அந்தப் பதிவு வேணும். குழுவுக்குக் காட்டணும்.”

“கம்பெனிக்குக் கொடுத்ததுமே எங்ககிட்ட இருந்ததை அழிச்சிட்டோம். உங்க அந்தரங்கத்துக்காகத்தான்.” டாக்டர் உண்மையாகவே வருத்தப்பட்டார். “தண்ணி குடிக்கிறீங்களா?”

விசாரணைக்குச் சென்னை போகும் ரயிலில் நாச்சிமுத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அரக்கோணம் தாண்டியதும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“மேடம், இப்ப நீங்க படிச்சுட்டீங்கல்ல. அதையே, முன்னாடி படிச்சதுன்னு சொல்லிட்டா என்னங்க? படிச்சது நெசந்தானுங்களே.”

“சொல்றேங்க,” என்றாள் வினோதினி.

நிஜமாகவே சொல்லத்தான் நினைத்திருந்தாள். வாழ்க்கையில் ஒரு புத்தகத்தைப் பற்றிக்கூடப் பொய் சொன்னதில்லை. இது பொய்யில் சேராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. படித்தீர்களா என்று கேட்டார். படித்தேன் என்றாள். நினைவிருக்கிறதா? இருக்கிறது. நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டது தெரிந்தது.

நிறுவனத்தின் வழக்கறிஞர் இளம்பெண். மரியாதையாகத்தான் பேசினார்.

“மேடம், ‘தொங்கும் அறை’ பற்றி நீங்கள் நிகழ்ச்சியில் பேசியதை இப்போது போட்டுக் காட்டலாமா?”

கூடத்தில் அவள் குரல் ஒலித்தது. இதுபோல ஒன்றை நான் வாழ்நாளில் படித்ததே இல்லை. சொல்லும்போது மூச்சு தடுமாறியது.

“இதைச் சொன்னபோது, இவருடைய நாவலை நீங்கள் ஏற்கெனவே படித்திருந்தீர்கள், அப்படித்தானே? அதே கதை என்று தெரிந்துகொண்டே, வேறொருவர் பெயரில் வாங்கச் சொன்னீர்களா? இல்லை, அப்போது நீங்கள் படித்திருக்கவில்லையா?”

எந்தப் பதிலைச் சொன்னாலும் நாச்சிமுத்துவின் நாவல் விழுந்துவிடும். வினோதினி அவரைப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்திருந்தார். நடந்தது முழுவதையும் சொன்னாள். சிகிச்சை, சிவப்பு விளக்கு, தானே கதையைக் கொண்டுபோய்க் கொடுத்தது, இப்போது நினைவிருக்கிறது என்று பொய் சொன்னது உட்பட. நீதிபதி குறுக்கிடாமல் கேட்டார்.

“நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேனம்மா,” என்றார் கடைசியில். “ஆனால் படித்த நினைவு இல்லாதவர் சாட்சி ஆக முடியாது. விதி அப்படி.”

திரும்பும்போது நாச்சிமுத்து ரயிலில் ஏறவில்லை. பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் வினோதினி எல்லாவற்றையும் நிகழ்ச்சியில் சொன்னாள். மறந்த பிறகு தான் சொன்ன சிபாரிசுகள் எல்லாம் புதுக் கண்ணால் பார்த்தவை, அவற்றில் எது எதைப் பார்த்து எழுதப்பட்டதென்று தனக்கே தெரியாது என்றாள். அதற்குப் பிறகு அவள் சொல்லி யாரும் புத்தகம் வாங்கவில்லை. ஆனால் ‘புதுப்பக்கம்’ எங்கே இருக்கிறது, எப்போது போனால் கூட்டம் குறைவு என்று கேட்டு நிறைய பேர் எழுதினார்கள். ‘நடுக்கம்’ நின்றது. யாஸ்மின் வேறு வேலைக்குப் போனாள்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு பெண் அவளைத் தேடி வந்தாள். தெய்வானை, நாச்சிமுத்துவின் மனைவி. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அவரு வேலைக்கே சரியாப் போறதில்லீங்க. போனாலும், லிஃப்டுல மாட்டின சனங்கிட்ட பேசறத வுட்டுட்டு, நான் எழுதினதுங்க அது, நான் எழுதினதுங்கன்னு சொல்லிட்டிருக்கறாராமா. பாவம், உள்ள பயந்து கெடக்கறவங்க என்ன பண்ணுவாங்க? கம்பெனில ரெண்டு தடவ கூப்புட்டு எச்சரிச்சுட்டாங்க.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அந்தக் கதைக் கம்பெனிக்காரங்களே வந்தாங்க. சமாதானமாப் போயிரலாம், அவுங்க செலவுலயே அந்த ஆசுபத்திரில வச்சுப் பாக்கறம்னாங்க. நாவல மட்டும் எடுத்துருவாங்களாமா. எழுதினது, அலைஞ்சது, எல்லாம்.”

“அவர் சம்மதிச்சாரா?”

“மொதல்ல ஒரே சண்டை. அப்பறம் ஒரு நாளு அவரே, சரி தெய்வான, எடுத்துரட்டும்னு சொல்லிப்போட்டாரு.” நிமிர்ந்து பார்த்தாள். “நீங்களும் அதோட போயிருவீங்க. எங்கயாச்சும் பாத்தா ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க. ஊட்டுல இருந்த காயிதம் எல்லாம் எரிச்சுட்டேன். உங்ககிட்ட இருக்கறதையும் குடுத்துருங்க.”

வினோதினி பிரதியை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு கையாலும் கொடுத்தாள். தெய்வானை அதைத் திறக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

வருமானம் போனாலும் பழக்கம் போகவில்லை. பக்கத்துக் கிளை நூலகத்தில் ஞாயிறு காலைகளில் திகில் கதை வாசகர்கள் கூடுவதற்கு வினோதினி ஏற்பாடு செய்தாள். அவள் எதையும் சிபாரிசு செய்வதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். மற்றவர்கள் எழுந்து தாங்கள் புதிதாகப் படித்ததைச் சொல்ல வேண்டும். சொன்ன புத்தகத்தின் பெயரையும் எழுதியவர் பெயரையும் அவள் கரும்பலகையில் எழுதிப்போடுவாள். இருபது பேர் வந்தால் அதிகம்.

கோடை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசி வரிசையில் புதிதாக இருவர் வந்து உட்கார்ந்தார்கள். வினோதினி அவர்களைப் பார்த்ததும் கையிலிருந்த டஸ்டரை மேசைமேல் வைத்தாள். தெய்வானை அவளை நேராகப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வையா மிரட்டுகிற பார்வையா என்று சொல்ல முடியவில்லை. நாச்சிமுத்து கொஞ்சம் சதை போட்டிருந்தார், முகத்தில் தெளிவு இருந்தது. அவளைப் பார்த்து, புது இடத்தில் யாரும் சிரிப்பதுபோல் சிரித்தார்.

அவர் முறை வந்தபோது எழுந்தார்.

“எனக்கு இதெல்லாம் பழக்கமில்லீங்க. பேய்க்கதை நான் படிச்சதேயில்ல. எங்க ஆபீசுல ஒருத்தரு, இது நம்ம வேலையப் பத்தின கதைன்னு குடுத்தாருங்க. படிச்சதுலருந்து ஆருகிட்டயாச்சும் சொல்லோணும்னு இருந்துது. ஊட்டுல வேண்டாம்னாங்க, நாந்தான் இழுத்துட்டு வந்தேன்.” பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் காட்டினார். “தொங்கும் அறைங்க.”

முன்வரிசையில் யாரோ லேசாக இருமினார்கள். சிலருக்குப் பழைய நிகழ்ச்சி நினைவிருந்தது. எழுதியவர் இவர்தான் என்று யாருக்கும் தெரியாது. நிகழ்ச்சியில் வினோதினி அவர் பெயரைச் சொன்னதில்லை.

கதையைச் சொன்னார். நன்றாகச் சொன்னார். லிஃப்டில் மாட்டியவர்கள் முதலில் கோபப்படுவார்கள், பிறகு வேடிக்கையாகப் பேசுவார்கள், அதற்குப் பிறகுதான் பயப்படுவார்கள், அதை எழுதியவர் எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறார் என்று வியந்தார்.

“இத எழுதினவரு ஒரு நாளாச்சும் எங்கள மாதிரி ஃபோனுக்கு முன்னால உக்காந்திருக்கோணுங்க. இல்லீன்னா இது தெரியாது. முடிவுதான் எனக்குப் புடிக்கல.”

“ஏன்?” என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டாள்.

“கதவத் தொறந்திருக்கக் கூடாதுங்க. கையி வருது, காலு வருதுன்னு அதெல்லாம் எதுக்கு? நான் நெனச்சேன், அவனுக்கு வேலைல கடைசி நாளுங்க. ஃபோனு வருது. அந்தம்மா எப்பவும் கேக்கற மாதிரி, ஆள் வர்றாங்களான்னு கேக்குது. வந்துட்டே இருக்காங்கம்மான்னு அவனும் எப்பவும் போலச் சொல்றான். வெக்க மனசு வரல, பேசிட்டே இருக்கறான். கொஞ்ச நேரங் கழிச்சு அந்தம்மா கேக்கோணுங்க, ‘ஏனுங்க சார், உங்களக் கூட்டிட்டுப் போக ஆள் வர்றாங்களா?’ அவ்வளவுதான். அங்க நிறுத்தியிருக்கோணும்.”

 அந்த மாணவி தன் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள், மயிர்க்கூச்செறிந்திருந்தது.

எரிந்துபோன பிரதியின் கடைசிப் பக்கம் அதுதான். அந்தக் கேள்வி சொல்மாறாமல் அங்கே இருந்தது. வினோதினிக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது அந்தக் கூடத்தில் அவளுக்கு மட்டும்தான் நினைவிருந்தது.

“சார், நீங்களே எழுதலாமே!” என்றாள் மாணவி.

நாச்சிமுத்து கூச்சத்தோடு சிரித்தார். “நமக்கெங்கீங்க அதெல்லாம். படிக்கறதே இப்பத்தான் மொதத் தடவ.”

தெய்வானை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். வினோதினி சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினாள். தொங்கும் அறை என்று எழுதினாள். அதன் கீழே எழுதியவர் பெயருக்கு வந்ததும் கை நின்றது.

“துருவாங்க மேடம்,” என்றார் நாச்சிமுத்து பின்னாலிருந்து, அட்டையைப் பார்த்துக்கொண்டே. “து, ரு, வா.”

அவள் எழுதினாள். இரண்டு எழுத்தும், மூன்றாவதில் பாதியும் ஆனபோது சாக்பீஸ் மறுபடி நின்றது. அவர் பேசுவதையே வேலையாகக் கொண்டவர். மாட்டிக்கொண்டவர்களுக்கு எடுத்துக்கொடுத்துப் பழகிய இதமான குரலில் சொன்னார்.

“ஒரு கால் விட்டுப்போச்சுங்க மேடம்.”

வினோதினி கால் போட்டாள்.